பத்து லிட்டர் மூச்சு

ஜூன் 8, செவ்வாய்

தவறை முதலில் எழுதிவிடுகிறேன். குமிழிக் குப்பியில் கிருமிநீக்கித் தூளைக் கரைப்பதற்குப் பதிலாகச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டேன்.

இரண்டும் வெள்ளைத் தூள். இரண்டும் ஒரே மாதிரி டப்பா. குழம்பிவிடக் கூடாதென்று நானே பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். ஆனால் மூடியில் ஒட்டியிருந்தேன். போன வாரம் இரண்டு மூடிகளையும் சேர்த்துக் கழுவிக் காயவைத்தேன். மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பீர் காய்ச்சும் மாலை வகுப்பில் முதல் நாள் சொல்லித்தந்ததை மறுபடி எழுதிப் பார்க்கிறேன், வேறு எங்காவது பிசகியிருக்கிறேனா என்று. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ போட்டுக் கொதிக்கவைத்தால் இனிப்பான ஒரு கஷாயம் கிடைக்கும். அதை நன்றாக ஆறவிட்டு ஈஸ்ட் போட வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடும். ஜாடியின் மூடியிலிருந்து ஒரு குழாய் சின்னக் குப்பி ஒன்றுக்குப் போகும். அந்தக் குப்பித் தண்ணீர் வழியாக வாயு குமிழ்விட்டு வெளியேறும்; வெளிக்காற்று உள்ளே வராது. அவ்வளவுதான். சாம்பார் வைப்பதைவிடச் சுலபம் என்று சொல்கிறார்கள். எனக்குச் சாம்பாரும் சுலபமில்லை.

என் ஜாடியில் நுரை நன்றாகவே பொங்கியது. ஆனால் குப்பிக்குள் வந்த குமிழ்கள் மேலே ஏறுவதற்குள் காணாமல் போயின. தண்ணீர் பால் போல வெளுத்தது. சுவரிலிருந்த மூச்சு மீட்டர் அசையவே இல்லை.

மூச்சு மீட்டரைப் பற்றியும் எழுத வேண்டும், கரையிலிருக்கும் என் சித்தி மகள் என்றைக்காவது இதைப் படித்தால் புரியட்டும். எங்கள் ஆழ்துறை தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலடியில் இருக்கிறது. நானூறு வீடுகள். காற்று குழாயில் வந்து குழாயிலேயே திரும்பிப் போகிறது. போகிற காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறதென்று ஒவ்வொரு வீட்டு மீட்டரும் அளக்கும். வீட்டில் பதிந்த ஆட்களின் மூச்சுக்கு மேல் ஏறினால் சிவப்பு விளக்கு. பீர் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் எப்போதும் பத்து லிட்டர் ஜாடி ஒன்றின் வாயு அளவுக்குச் சலுகை உண்டு. கரையிலிருந்து பாட்டில் இறக்கக் கட்டுப்படியாகவில்லை, ஜனங்கள் குடிக்காமலும் இருக்கவில்லை என்பதால் நிர்வாகம் கொடுத்த சலுகை. காற்று இயந்திரம் நின்றுபோனால் வாயுவை உறிஞ்சுவதற்காக வீட்டுக்கொரு டப்பா சுண்ணாம்பும் தருகிறார்கள். நான் குப்பியில் கரைத்தது அதைத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இது தெரிந்தது. வகுப்பில் முழித்துக்கொண்டு நின்றேன்.

வகுப்பை நடத்துகிற பொன்செல்வி மேடம் பகலில் காற்றுப் பிரிவில் மீட்டர் கணக்குப் பார்க்கிறவர். ஒவ்வொருவர் கொண்டுவந்த மாதிரியிலும் கண்ணாடி மிதவையைப் போடுவார். சர்க்கரை குறையக் குறைய மிதவை ஆழமாக இறங்கும். குறைந்த சர்க்கரையும் மீட்டரில் ஏறிய வாயுவும் பொருந்த வேண்டும்.

"சர்க்கர கால்வாசி போயிருக்கு நாச்சி. ஒன் மீட்டர்ல ஒண்ணுமே ஏறலியே. வாயு எங்க போச்சு?"

"நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் மேடம்."

"என்ன தப்பு?"

"அதுதான் தெரியல."

"மூச்சடக்கிக்கிட்டே காய்ச்சிருப்பா மேடம்" என்றார் கேன்டீன் கோயில்பிள்ளை அண்ணாச்சி. இரண்டு வருஷமாக வகுப்புக்கு வருகிறார். அவர் பீரில் இன்னும் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடைதான் அடிக்கிறது.

அடுத்தது ஆன்றோ அண்ணன், பம்ப் மெக்கானிக். சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. எப்போதும் தூக்கம் நிறைந்த கண். அவருடைய மாதிரியில் மிதவை இறங்காமல் தக்கை போல நின்றது. மேடம் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"பாயாசம்லா இது! சர்க்கர அப்படியே நிக்கி. ஆனா ஒங்க வீட்டு மீட்டர்ல பத்து லிட்டர் ஜாடிக்கு உண்டான வாயு முழுசா ஏறிருக்கு."

ஆன்றோ அண்ணன் தலையைச் சொறிந்தார். "மேடம், ஒரு ஜாடி எத்தன நாளு வாயு விடும்? மாசக்கணக்கா விடுமா?"

"பத்து நாள்ல அடங்கிரும்."

"அடங்காம கொஞ்சங் கொஞ்சமா கூடிக்கிட்டே போனா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. "அதுக்குப் பேரு பீர் இல்லல, பொண்டாட்டி கோவம்" என்றார் கோயில்பிள்ளை அண்ணாச்சி. பிறகு மேடம் பக்கம் திரும்பினார். "இவனச் சொல்லி என்னத்துக்கு? நூறு லிட்டர் டிரம் வச்சிருக்கீகளே, ஒரு நாளாவது ஒங்க பீர எங்க கண்ணுல காட்டிருக்கீகளா?"

"அது இன்னும் முதிரல அண்ணாச்சி."

"ஒம்பது வருஷமாவா!"

மேடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நாச்சி, ஒன் பீரு வாயு விடாமலே நொதிச்சு ஓடிருக்கு. இவருக்கு வாயு ஓடிருக்கு, பீரு ஓடல. ரெண்டு பேரும் ஒக்காந்து என்னன்னு பாருங்க. பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழம கணக்க மேல அனுப்பியாகணும். வாயு கொறஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க. கூடிருந்து காரணம் இல்லன்னா வீட்டுக்குச் சோதன போட ஆள் வரும்."

ஆன்றோ அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. சலுகை போய்விடுமே என்ற பயம் என்று நினைத்தேன்.

நாளை: அவர் வீட்டுக்குப் போய் ஜாடியைப் பார்ப்பது.

ஜூன் 9, புதன்

வேலை முடிந்ததும் போனேன். (என் வேலை கதவு ரப்பர்களைச் சரிபார்ப்பது. எந்த வீட்டுக் கதவைப் பார்த்தாலும் முதலில் ஓரத்தைத்தான் தடவுவேன். அவர்கள் வீட்டு ரப்பர் நன்றாக இருக்கிறது.)

உள்ளே ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. ஆன்றோ அண்ணன் என்னை உள்ளே கூப்பிடவில்லை. ஜாடியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, கஷாயம் ஆறினப்பறந்தான ஈஸ்ட் போட்டிய?"

"சூடா இருக்கையில போட்டேன். அப்பத்தான சீக்கிரம் கரையும்?"

"கரையும். செத்தும் போவும். கைய வச்சா சூடு தெரியக் கூடாது, அப்பத்தான் போடணும்."

குற்றவாளியைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் பையிலிருந்து புது ஈஸ்ட் பொட்டலத்தை எடுத்தேன். "இதப் போடுங்க. நாளைக்கே நுரைக்கும்."

அவர் கையை நீட்டவில்லை. "இது ஓடுனா வாயு இன்னும் கூடுமே?"

"கூடத்தான செய்யும்."

"அப்ப வேண்டாம் தங்கச்சி."

ஈஸ்டை வேண்டாமென்று சொன்ன பீர்க்காரரை நான் பார்த்ததில்லை. நான் சரியாக விளக்கவில்லையோ? திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை.

கவனித்தவை: சட்டைத் தோளில் வெள்ளைக் கறை. வீட்டிலிருந்து பால் புளித்த வாடை. பால் புளிக்கவைக்கும் பாக்டீரியா ஜாடியில் புகுந்திருக்கலாம். ஆனால் அது சர்க்கரையைத் தின்றிருக்குமே? சர்க்கரை குறையவே இல்லையே? செத்த ஈஸ்ட் வாயு விடாது. விடாத வாயு மீட்டரில் எப்படி ஏறும்? மீட்டர் பழுதா, என் மூளை பழுதா? மீட்டருக்குப் பழுதில்லை என்று முத்திரை இருக்கிறது.

நாளை: வாயு ஜாடியிலிருந்துதான் வருகிறதா என்று சோதிப்பது.

ஜூன் 10, வியாழன்

சோதனை சின்னது. என் தவறே அதற்கான கருவியைக் கொடுத்தது. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் குப்பியில் எடுத்துக்கொண்டு போனேன். கரியமில வாயு பட்டால் அது வெளுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் உறிஞ்சுகுழாய் வைத்து ஊதிப் பார்த்த அதே விஷயம்.

வாசலிலேயே உட்கார்ந்து குழாயை மாட்டினேன். ஆன்றோ அண்ணன் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். உள்ளே ரேடியோ. காத்திருந்தோம். குப்பித் தண்ணீர் கண்ணாடி போல அப்படியே இருந்தது.

"அண்ணே, இந்த ஜாடி ஒண்ணும் பண்ணல. ஒங்க வீட்டுல வேற ஏதோ ஒண்ணு வாயு விடுது."

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு நொடி அமைதி. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு தும்மல். மிகச் சின்னது. தொடர்ந்து ஓர் அழுகை.

நான் குப்பியைப் பார்த்தேன். ஆன்றோ அண்ணன் தரையைப் பார்த்தார்.

"அவள உள்ள வரச் சொல்லுங்க" என்றது உள்ளே ஒரு பெண் குரல். "கதவச் சாத்துங்க மொதல்ல."

அவர் மனைவி ஷைனி மைனி. மடியில் மூன்று மாதப் பெண் குழந்தை. பெயர் மெரின். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. கொட்டாவிக்கும் மீட்டர் ஏறும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. நான் அப்படிப்பட்ட ஆள்.

"பிள்ளைய கரையில எங்க அம்மைகிட்ட விட்டுட்டு வந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கோம்" என்றார் மைனி. "மூச்சு இடம் கெடைக்கற வரைக்கும் பிள்ள கரையிலதான் இருக்கணுமாம். எங்க அம்மைக்கு எந்திரிச்சு நடக்கவே முடியாது. அப்ப காப்பகத்துல விடணும். மாசத்துக்கு ஒரு வாட்டி போய்ப் பாக்கலாம்."

"இடம் எப்பக் கெடைக்கும்?"

"யாராவது போனாத்தான்."

"நீங்க கரைக்குப் போயிரலாமே மைனி?"

"அங்க என்ன வேல இருக்கு? இவுக கைக்கு இங்க உள்ள பம்புதான் சோறு."

ஆன்றோ அண்ணன் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "கரையிலேருந்து பார்லி மூட்ட இறக்குற கூண்டுல கொண்டாந்தோம். மூட்டைக்கு நடுவுல தூங்கிக்கிட்டே வந்தா. அப்பறந்தான் மீட்டர் நெனப்பு வந்துது. ஒரு வாரத்துக்கு இவ விடுத மூச்சும் பத்து லிட்டர் பீரு விடுத வாயுவும் ஏறக்கொறைய ஒண்ணுதான். கேன்டீன்ல யாரோ பேச்சுவாக்குல சொன்னாவ. மறுநாளே வகுப்புல சேந்துட்டேன்."

"அப்ப காய்ச்சத் தெரியாம இல்ல. வேணும்னேதான் ஈஸ்டக் கொன்னிய."

"ரெண்டும் சேந்து மூச்சு விட்டா செவப்பு லைட்டு எரியும்லா?" அவர் சிரிக்க முயன்றார். "பத்து லிட்டர் ஈஸ்ட்டுக்கு இங்க மூச்சு விட அனுமதி இருக்கு தங்கச்சி. அதுல ஒவ்வொண்ணுக்கும் பேரு என்னன்னு யாரும் கேக்கல. இவளுக்குப் பேரு வச்சதுதான் தப்பு."

வேலைக்குச் சேர்ந்த அன்று எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், கணக்கில் இல்லாத ஒரு மூச்சு நானூறு வீட்டையும் பாதிக்கும் என்பது. நான் அதை நம்புகிறவள். கதவு ரப்பரில் முடியளவு கீறல் இருந்தாலும் எழுதிக் கொடுப்பவள். ஆனால் இந்த மூச்சு கணக்கில் இருக்கிறது. பத்து லிட்டர் என்று ஏற்கெனவே ஒதுக்கிவிட்டார்கள். அதை யார் விடுகிறார்கள் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"பதினெட்டாந்தேதிக்குள்ள சர்க்கர கொறஞ்ச பீரக் காட்டணும்" என்றேன். "இல்லன்னா ஆள் வருவாங்க."

"வந்தா இவளக் கொண்டு போயிருவாவ" என்றார் மைனி. குழந்தையின் காலுறையைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது அது.

"ஒன் பீரக் கொஞ்சம் குடேன், காட்டுதேன்" என்றார் அண்ணன்.

"மிதவைக்கு ஆள் தெரியாது. மேடத்துக்குத் தெரியும். நான் வெல்லம் போட்டிருக்கேன், வாடையிலயே சொல்லிருவாங்க. இந்த ஜாடியிலேயேதான் ஓடணும்."

பீர் ஓட வேண்டும், மீட்டர் ஏறக் கூடாது. அப்படி ஒரு வழி உலகத்திலேயே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். கையிலிருந்த குப்பியைப் பார்த்தேன்.

உலகத்தில் ஒருத்தி மட்டும் அப்படிக் காய்ச்சியிருக்கிறாள். போன வாரம். தவறுதலாக.

வாயு காற்றில் கலக்கும் முன்பே சுண்ணாம்பில் விட்டால் அது சுண்ணாம்புக் கல்லாகி அடியில் படிந்துவிடும். மீட்டருக்குக் குழந்தை மட்டும் தெரியும். மிதவைக்குப் பீர் மட்டும் தெரியும். இரண்டும் பொருந்தும். விளக்கிச் சொன்னபோது இருவரும் புரியாமலே தலையாட்டினார்கள். மெரின் புரிந்தது போல விக்கியது.

சிக்கல் ஒன்றுதான். என் சின்னக் குப்பியிலிருந்த சுண்ணாம்பு நேற்றோடு தீர்ந்து, வாயு வெளியேற ஆரம்பித்துவிட்டது. பத்து லிட்டர் முழுக்க ஓட ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும், ஒரு வாளியில். ஒரு வீட்டு டப்பாவில் கால் கிலோ. அதுவும் ஆபத்துக்கென்று கொடுத்தது. நான்கு வீட்டு ஆபத்தை ஒரு வாளியில் கரைக்க எனக்கு மனமில்லை.

நாளை: சுண்ணாம்புக்கு வழி கேட்பது. யாரிடம் என்று யோசித்தால் சுண்ணாம்பு வைத்திருப்பது காற்றுப் பிரிவு மட்டும்தான்.

ஜூன் 11, வெள்ளி

வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை ஜாடி மூடிகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். துடைத்த மூடியையே மூன்றாம் முறை துடைக்கும்போது பொன்செல்வி மேடம் விளக்கை அணைக்காமல் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்ன கண்டுபுடிச்ச?"

நேற்றே ஒத்திகை பார்த்துவைத்த பதில் என்னிடம் இருந்தது. "என் ஜாடி வாயு எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு மேடம். குப்பியில சுண்ணாம்பக் கரைச்சிட்டேன். டப்பா மூடி மாறிப்போச்சு."

மேடம் சிரிக்கவில்லை. மெதுவாக முன்னால் சாய்ந்தார். "சுண்ணாம்பா?"

"அது... ஒரு வெவரத்துக்காகக் கேக்கேன். பத்து லிட்டர் ஜாடிய முழுசா அப்படி ஓட்டணும்னா, சும்மா பாக்குறதுக்குத்தான், சுண்ணாம்பு எங்க கெடைக்கும்?"

"ஒன் ஜாடிக்கா?"

எனக்குப் பொய் வராது. வந்தாலும் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இவர் மீட்டர் கணக்குப் பார்க்கிறவர், இவரிடமே வந்து நிற்கிறேனே, ஒரு குழந்தையைக் கூண்டில் ஏற்றி அனுப்பிவைக்கப் போகிறேனே என்று நினைத்துக்கொண்டே அதே மூடியை நான்காம் முறை துடைத்தேன்.

மேடம் எழுந்து அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தார். உள்ளே வரிசையாகச் சுண்ணாம்புப் பொட்டலங்கள்.

"காலாவதியானது. தூக்கிப்போடச் சொல்லி ஆர்டர். உறிஞ்சுத வேகம் கொஞ்சம் கம்மி, ஜாடிக்குப் போதும். கை வைக்காத, புண்ணாயிரும். வாளித் தண்ணிய அடிக்கடி கலக்கிவிடச் சொல்லு, இல்லன்னா அடியில போய் ஒக்காந்துக்கிடும்."

எடுத்துப் பையில் போட ஆரம்பித்தார்.

"ஜாடிக்கும் வாளிக்கும் நடுவுல ஒரு காலிக் குப்பி வை. ராத்திரி ஜாடி குளுந்தா வாளித் தண்ணிய உள்ள இழுக்கும். நடுவுல குப்பி இல்லன்னா பீரெல்லாம் சுண்ணாம்பாப் போயிரும். கேக்கியா?"

"கேக்கேன் மேடம்."

"இப்ப எத்தன மாசம்?"

"மூணு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

"ஒரு வயசுக்குள்ள இருபது லிட்டருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லு. நடக்க ஆரம்பிச்சா அதுவும் பத்தாது. பெரிய ஜாடிக்கு அனுபவம் வேணும்னு கேப்பாங்க, அதனால வகுப்ப விடக் கூடாது. பீரும் நல்லா இருக்கணும். மோசமான பீரு கொண்டாரவனுக்கு எவனும் டிரம் குடுக்க மாட்டான்."

எல்லாவற்றையும் தலையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கோயில்பிள்ளை அண்ணாச்சி கேட்டது நினைவுக்கு வந்தது.

"மேடம், ஒங்க டிரம்மு..."

"ஒம்பது வருஷமா ஓடுது." பையின் வாயை இறுக்கிக் கட்டினார். "பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லுதான். பதினேழுல முட்டிக்கிட்டு நிக்கி."

"இடம் கேக்கலியா?"

"கேட்டிருக்கு. வரிசையில பதினோராவது ஆளா நிக்கான். போன வருஷமும் பதினொண்ணுதான்." கதவுப் பக்கம் நடந்தார். "கடல் எப்படி இருக்கும்னு கேக்கான். கடலுக்குள்ளதாம்ல இருக்கன்னு சொன்னா நம்ப மாட்டேங்கான். அவன் சன்னலப் பாத்ததில்ல."

விளக்கை அணைக்கும் முன் திரும்பிப் பார்த்தார். "நாச்சி, நீ கதவு ரப்பர் பாக்குறவதான?"

"ஆமா மேடம்."

"எங்க வீட்டுக் கதவ ஒரு நாள் வந்து பாரு. சத்தம் வெளிய கேக்குதோன்னு ஒரு சந்தேகம். இப்ப பாட ஆரம்பிச்சிருக்கான்."

வீடு வந்து இதை எழுதுகிறேன். நான் செய்வது சரிதானா என்ற சந்தேகம் தீரவில்லை. கணக்கில் இல்லாத மூச்சு ஒன்றே நானூறு வீட்டையும் பாதிக்கும் என்று சொல்லித்தந்தார்கள். இப்போது இரண்டு எனக்குத் தெரியும். கோயில்பிள்ளை அண்ணாச்சி இரண்டு வருஷமாக முட்டைக்கோஸ் வாடைப் பீரோடு ஏன் வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறார் என்பதை இன்றைக்கு யோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

நாளை, சனி: ஆன்றோ அண்ணன் வீட்டுக் கஷாயத்தை மறுபடி கொதிக்கவைத்து, கையில் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, புது ஈஸ்ட் போடுவது. நடுவில் காலிக் குப்பி, கடைசியில் சுண்ணாம்பு வாளி. மேடம் வீட்டுக் கதவு ரப்பரைப் பார்ப்பது. என் இரண்டு டப்பாக்களிலும் பெயரை டப்பா மேலேயே ஒட்டுவது.